எனது கைக்கு அளவான கிற்றார்



நான் எழுதிப் பழகியவன் அல்லன். ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு எனது படிப்பு நின்றுபோனது. 2010 இல் ஜேர்மனிக்கு வந்து, ஹைமில் இருந்து, விசா கிடைத்து, இப்போது இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று சிக்ற்றும் மாறி மாறி வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் எமது மக்களின் கல்யாண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் கலைவிழாக்களிலும் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன்.

2024 இல் ஒரு பேஸ் கிற்றாரை எனது கைக்கு அளவெடுத்துச் செய்வித்தேன். அதைக் கேள்விப்பட்டவர்கள், “அகதியாய் வந்த உனக்கு ஓடர் குடுத்துச் செய்யிற கிற்றார் என்னத்துக்கு?” என்று கேட்டார்கள். பகிடியாகக் கேட்டவர்களும் உண்டு, கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதிலாகவும், புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களில் வாத்தியத்தில் ஆசை உள்ளவர்களுக்கு உதவியாகவும் இதை எழுதுகிறேன்.

நான்கு தந்தி

மேடையில் ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறவர் பேஸ்காரர்தான். பாடகருக்குக் கைதட்டுவார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவரைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பேஸ்காரர் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால் பாட்டு நிலத்தை விட்டு மேலே போய்விடும். ஏதோ குறைகிறது என்று எல்லாருக்கும் தெரியும், என்ன குறைகிறது என்று சொல்ல மாட்டார்கள்.

சாதாரண கிற்றாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிற்றாருக்குப் பெரும்பாலும் நான்குதான். தந்திகள் மொத்தமானவை, நீளமானவை. ஆகத் தடித்த தந்தி ஒரு செக்கனுக்கு 41 தடவை அளவில்தான் அதிரும். கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரமுடியாது. தொலைபேசியில் மட்டும் பாட்டுக் கேட்கும் எமது பிள்ளைகளுக்கு பேஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம். ஒருநாள் நல்ல ஹெட்போன் போட்டு இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். பாடகர் ஒரு மெட்டில் பாட, கீழே பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டில் போய்க்கொண்டிருக்கும். ஏ.ஆர். ரகுமானின் பல பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீற்றர்ஸ். எங்கள் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளுக்கு இன்றைக்கும் ஹோலில் கிழவர்கூட எழும்பி ஆடுவதற்கு, அந்தப் பைலாத் தாளத்தைத் தள்ளிக்கொண்டு போகும் கீழ்க்குரலும் ஒரு காரணம்.

சின்ன வயதில் கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தால் நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். நெஞ்சுக்குள் இடிப்பது எது என்று அப்போது தெரியாது. இங்கே ஹைமில் இருந்த காலத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் இளைஞர்கள் வாசித்துப் பழகுவதைப் பார்த்தேன். அங்கேதான் அந்த வாத்தியத்தின் பெயரையும் கேட்டறிந்தேன்.

முதல் கிற்றார்

வேலை கிடைத்த பிறகு, பழைய சாமான் விற்கும் விளம்பரம் பார்த்து 120 யூரோவுக்கு ஒரு பேஸ் வாங்கினேன். 80 யூரோவுக்கு ஒரு சின்ன அம்ப். ஒரு வருடம் இரவு வேலை முடிந்து வந்து, ஹெட்போன் போட்டுத் தனியே பழகினேன். பிறகு எமது பகுதியில் இருந்த இசைக்குழுவில் ஓர் அண்ணை என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மேடையில் நிற்பதைப் பற்றி வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பது வேறு. வெள்ளி இரவு சிக்ற் முடிந்து காலையில் வந்து நான்கு மணித்தியாலம் படுத்துவிட்டு, மத்தியானம் வானில் பெட்டிகளை ஏற்றவேண்டும். ஹோலில் மணவறைக்காரர் வேலை முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். சாப்பாடு முடிந்து, கேக் வெட்டி, படம் எடுத்து முடிய எமது நேரம் இரவு பத்து மணிக்கு வரும். பன்னிரண்டரைக்கு ஹோலைப் பூட்டவேண்டும் என்று சாவி வைத்திருப்பவர் வந்து நிற்பார். ஆளுக்கு நூறு யூரோ கிடைத்தால் நல்ல நாள். ஆனாலும் கடைசி அரை மணித்தியாலத்தில் அம்மாமாரும் பெடியளும் ஒன்றாக ஆடும்போது, நான் வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் அவர்களின் கால் விழுவதைப் பார்ப்பேன். கிழமை முழுதும் மெசினுக்கு முன்னால் நின்ற களைப்பு அப்போது தெரியாது.

விரல்

2019 இல் வேலையில் எனது இடது கை மோதிர விரல் மெசினில் அகப்பட்டது. நுனி போய்விட்டது. சிகிச்சைச் செலவைத் தொழில் விபத்துக் காப்புறுதி பார்த்தது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். வேலைக்கு அந்த விரல் போதும், கிற்றாருக்குப் போதவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வழக்கமான பேஸ் கிற்றாரில் தந்தியின் அதிரும் நீளம் 864 மில்லிமீற்றர். வீணையில் இருப்பதுபோலக் கழுத்தில் மெட்டுகள் பதித்திருக்கும். தந்தி நீளமாக இருந்தால் மெட்டுகளுக்கு இடையிலான தூரமும் கூடும். கழுத்தின் முனையில் இருந்து நான்காவது மெட்டுவரை கிட்டத்தட்ட 18 சென்ரிமீற்றர். முழுக் கை உள்ளவனுக்கே விரல் விரித்துப் பழகவேண்டிய தூரம் அது. எனக்கு எட்டவில்லை. எட்டினாலும் தடித்த தந்தியின் சொரசொரப்பு ஆறிய தோலில் ஊசிபோலக் குத்தியது.

பிறகு கொரோனா வந்து விழாக்கள் எல்லாம் நின்றன. திரும்பத் தொடங்கியபோது, குழுவில் கீபோர்ட் வாசிக்கும் தம்பி இடது கையால் பேஸையும் சமாளித்தான். அண்ணை என்னிடம், “தம்பி, நீ ஆறுதலா வா, இடம் இருக்கு” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஆள் குறைந்தால் பங்கும் கூடும் என்பது எனக்குத் தெரியும். நான் போகவில்லை. மூன்று வருடம் கிற்றாரை உறையில் இருந்து எடுக்கவும் இல்லை.

மனைவிதான் ஒருநாள் கேட்டா: “என்னப்பா, முந்தி காருக்குள்ள ஏறினால் பாட்டுத்தான் போடுவியள். இப்ப நான் போட்டாலும் நிப்பாட்டுறியள். என்ன நடக்குது உங்களுக்கு?” அதுவரை நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

அகதிகளின் கை வேலை

பெரிய நகரம் ஒன்றில் இருக்கும் வாத்தியக் கடையில் பழைய கிற்றாரை விற்கப் போனேன். கடைக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டு, கிற்றார் செய்யும் ஒரு மைஸ்ரரின் விலாசத்தைத் தந்தார். அந்த மைஸ்ரரின் பட்டறையில், சுவரில் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் தொங்கியது. “இது யார் செய்தது தெரியுமா? அகதிகள்” என்றார் அவர். நான் முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்றைய செக் குடியரசின் எல்லையில் லூபி என்று ஒரு சிறு நகரம் உண்டு. ஜேர்மன் மொழியில் அதன் பழைய பெயர் ஷோன்பாக். தலைமுறை தலைமுறையாக வயலினும் கிற்றாரும் செய்தவர்களின் ஊர். 1887 இல் கார்ல் ஹோஃப்னர் என்பவர் அங்கே தனது தொழிலைத் தொடங்கினார். ஹிட்லரின் ஆட்சி செக் மக்களுக்குச் செய்த கொடுமைகளுக்குப் பிறகு, போர் முடிந்ததும் அந்த நாட்டில் இருந்த ஏறக்குறைய முப்பது இலட்சம் ஜேர்மன்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குற்றம் செய்தவரும் போனார், செய்யாதவரும் போனார். 1946 இன் ரெயின்களில் ஆளுக்கு முப்பது முதல் ஐம்பது கிலோ சாமான்தான் அனுமதி. பட்டறை, காயவைத்த மரம், வீடு எல்லாம் பின்னால் நின்றன.

எர்லாங்கன் நகரத்துக்குப் பக்கத்தில் பூபென்ரொய்ற் என்று சில நூறு பேர் மட்டும் இருந்த விவசாயக் கிராமம் ஒன்று. 1949 இல் அந்தக் கிராமம் இந்த வாத்தியக்காரர்களுக்கு இடம் கொடுக்கச் சம்மதித்தது. உள்ளூர்க்காரரைப் போலப் பல மடங்கு அகதிகள்! வந்தவர்கள் திரும்பவும் பட்டறை போட்டார்கள். ஹோஃப்னர் குடும்பமும் அங்கே தொழிலை மீண்டும் தொடங்கியது. கார்லின் மகன் வால்ரர் வடிவமைத்து 1956 இல் வெளிவந்ததுதான் அந்த வயலின் வடிவ பேஸ். வயலின் செய்யத் தெரிந்த கை, மின்சார கிற்றாரையும் வயலின் போலவே உள்ளே வெறுமையாக, இலேசாகச் செய்தது. தந்தியின் நீளமும் குறைவு, 762 மில்லிமீற்றர் அளவு.

1961 இல் ஹம்பேர்க் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த போல் மக்கார்ட்னி என்ற இங்கிலாந்துப் பெடியன் அதில் ஒன்றை ஏறக்குறைய முப்பது பவுணுக்கு வாங்கினான். அவன் இடது கைக்காரன். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது ஒரு காரணம், மலிவு என்பது இன்னொரு காரணம். பிறகு பீற்றில்ஸ் குழுவோடு உலகம் முழுதும் அந்த வாத்தியம் பிரபலமானது. அந்த முதல் பேஸ் 1972 இல் லண்டனில் ஒரு வானுக்குள் இருந்து களவு போனது. 2024 பெப்ரவரியில்தான் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். எனது கிற்றார் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அந்தச் செய்தி வந்தது. மைஸ்ரர் பத்திரிகைத் துண்டை வெட்டி எனக்கு வைத்திருந்தார்.

அதே ஷோன்பாக் பக்கத்தில் இருந்து வந்த பிரெட் வில்பர் 1946 இல் பிராமுஸ் என்ற கிற்றார் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது மகன் 1982 இல் தொடங்கிய வார்விக், பேஸ் கிற்றார்களுக்கென்றே பெயர் பெற்றது. அது 1995 இல் சக்சனி மாநிலத்து மார்க்நொய்கிர்ஷன் நகரத்துக்கு இடம் மாறியது. அந்த நகரத்தின் கதையும் இதேதான். மதத்தின் பெயரால் பொகீமியாவை விட்டு ஓடிவந்த பன்னிரண்டு வயலின் தொழிலாளிகள் 1677 இல் அங்கே தங்கள் தொழிற்சங்கத்தை அமைத்தார்கள்.

இந்த நாட்டின் பெயர்பெற்ற வாத்தியங்களில் எத்தனையோ, ஒரு பையோடு வந்திறங்கியவர்களின் கையால் ஆனவை. எமது கதையும் அவர்களின் கதையும் ஒன்றல்ல. அவர்களுக்கு மொழி தெரியும், எமக்குத் தெரியாது. ஆனால் அன்று பட்டறையில் இருந்து வெளியே வரும்போது, “அகதிக்கு எதற்கு” என்ற கேள்வி எனக்குள் பாதியாகக் குறைந்திருந்தது.

அளவெடுத்தல்

மைஸ்ரர் நேர்மையான மனிதர். உடனே ஓடரை எழுதவில்லை. “தந்தி நீளம் குறைந்த பேஸ் கடையில் 250 யூரோவுக்கும் கிடைக்கும். முதலில் இரண்டு மூன்றைப் பிடித்துப் பாருங்கள். அது போதுமென்றால் என்னிடம் வரவேண்டாம்” என்றார். பார்த்தேன். தூரம் பிரச்சினை தீர்ந்தது. 762 மில்லிமீற்றர் கிற்றாரில் நான்காவது மெட்டுவரை இரண்டு சென்ரிமீற்றர் குறைவு. ஆனால் கழுத்து அகலமாக இருந்ததால் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு சின்ன விரலை வேலைக்கு விட முடியவில்லை. எனது மோதிர விரலின் வேலையைச் சின்ன விரல்தானே இனிச் செய்யவேண்டும். உண்மையைச் சொன்னால், பாதி தேவை, பாதி ஆசை. ஹைமில் தந்த கட்டில், உடுப்புச் சேர்க்கும் இடத்தில் தந்த சப்பாத்து, மற்றவர் பாவித்த கதிரை, மேசை என்று இத்தனை வருடத்தில் எனக்கென்று அளவெடுத்துச் செய்த சாமான் ஒன்றும் இல்லை.

காசு? விலை 2800 யூரோ. வீட்டில் மூன்று நாள் கதைத்தோம். அம்மாவின் வீட்டுக் குசினிக்குக் கூரை போட முதலில் அனுப்புவது, பிறகுதான் கிற்றார் என்று மனைவி முடிவு சொன்னா. அப்படியே செய்தோம். இரண்டு வருட நத்தார்ச் சம்பளம், பழைய கிற்றாரும் அம்பும் விற்ற காசு, மிச்சம் மாதாமாதம் சேர்த்தது. கடன் எடுக்கவில்லை. ஊரில் இருக்கும் எனது அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் காசுக்கு அங்கே ஒரு கிணறு கட்டலாம் என்றார். அவர் சொன்னது பிழையென்று என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கும் அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

2023 ஒக்ரோபரில் அளவெடுத்தார். தையற்காரர்போலத்தான். கையை ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டார். விரல்களின் நீளம், உள்ளங்கை அகலம், நிற்கும்போது தோள்பட்டி எவ்வளவு இறங்குகிறது எல்லாம் எழுதினார். ஒரு பழைய கிற்றாரைத் தந்து அரை மணித்தியாலம் வாசிக்கச் சொல்லி எனது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விளக்கியவற்றில் முக்கியமானவை: உடம்புக்கு அவர் தெரிந்தது பாரம் குறைந்த அல்டர் மரம், கழுத்துக்கு உறுதியான மேப்பிள். மரம் வருடக்கணக்காகக் காய்ந்திருக்கவேண்டும், ஈரம் எட்டு வீதம் அளவுக்கு இறங்கவேண்டும். இல்லாவிட்டால் பிறகு முறுகும். கழுத்துக்குள் ஓர் உருக்குக் கம்பி ஓடும். தந்திகளின் இழுவைக்குக் கழுத்து வளைந்தால் அதைத் திருகி நேராக்கலாம். தந்தி குறுகினால் இழுவை குறையும், கீழ்ச்சுரம் கொஞ்சம் தளர்ந்து கேட்கும். அதற்காகத் தந்தியைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டு, மேற்பரப்பு வழுவழுப்பான தட்டைச் சுற்றுத் தந்தியாகவே தெரிவுசெய்தார். எனது விரல் நுனிக்கும் அதுதான் ஆறுதல். காந்தமும் செப்புக் கம்பிச் சுற்றும் கொண்ட பிக்கப்பை எங்கே பதிப்பது என்பதற்கு மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டார். பாலத்துக்குக் கிட்டவென்றால் ஒலி கூராகும், கழுத்துக்குக் கிட்டவென்றால் உருண்டு வரும்.

ஓடர் கொடுத்து வாத்தியம் செய்விப்பது எமக்குப் புதிது அல்ல. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ரி.என். இராஜரத்தினம்பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுருதி குறைந்த நீளமான பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்று கோயில்களில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த வகைதான். வாசிப்பவர் தனது குறையைச் சொல்ல, செய்பவர் மரத்தில் பதில் சொல்கிறார். மைஸ்ரரிடம் இதைச் சொன்னபோது ஆச்சா மரம் என்றால் என்ன என்று மெத்த ஆவலாகக் கேட்டார். எனது டொச்சில் விளங்கப்படுத்தியது போதவில்லை. மகள்தான் தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சில விடயங்கள்

முதல் வாத்தியத்தைப் பழையதாக வாங்குங்கள், அல்லது இசைப் பாடசாலையில் வாடகைக்கு எடுங்கள். குறைந்தது இரண்டு வருடம் வாசிக்காமல் ஓடர் கொடுக்கவேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது.

உதவிப்பணம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு, விளையாட்டுப் போன்றவற்றுக்கு மாதாமாதம் ஒரு தொகையை அரசாங்கம் தருகிறது. 2019 இல் அது 15 யூரோவாக ஆக்கப்பட்டது. உங்கள் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

ஓடர் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள்: மரம், அளவு, விலை, முற்பணம், முடியும் மாதம். உங்கள் அளவுக்கென்று செய்த சாமானைப் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. ஆனால் வேலையில் பிழை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் கேட்கலாம்.

குளிர்காலத்தில் கிற்றாரை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மரம் காய்ந்து வளையும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஹெட்போன்தான். பேஸ் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். வானுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மக்கார்ட்னிக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக் காப்புறுதி வாகனத்தில் களவு போனதற்குப் பெரும்பாலும் தராது.

காசுக்கு வாசிக்க முன் உங்கள் விசாவில் வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வழக்கு முடியாதவர்களுக்குச் சொந்தத் தொழில் அனுமதி இல்லை. உதவிப்பணம் எடுப்பவர்கள் வருமானத்தை அறிவிக்கவேண்டும். ரிக்கற் வைத்து விழா நடத்துபவர்கள் கேமா என்ற இசை உரிமை நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். பிறகு வரும் கடிதம் விழாவில் வந்த இலாபத்தைத் தின்றுவிடும்.

திரும்ப மேடையில்

2024 யூன் மாதத்தில் கிற்றார் கையில் கிடைத்தது. மண்ணிறம், பளபளப்பு இல்லை. பாரம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பழகுவதற்கு நான்கு மாதம் எடுத்தது. மோதிர விரலுக்குப் பழக்கப்பட்ட மூளை சின்ன விரலுக்குச் சொல்லைக் கேட்கவைக்க அவ்வளவு நாள் வேண்டியிருந்தது.

அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் வார்த்தை மாறவில்லை. ஒக்ரோபரில் ஒரு சாமத்திய வீட்டில் திரும்பவும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் பிழைவிட்டேன். கீபோர்ட் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடது கையைக் கீபோர்ட்டில் இருந்து எடுத்துத் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தான். இனி இது உன் வேலை என்று அவன் சொன்ன விதம் அது.

கடைசிப் பாட்டு முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை வந்து, “அங்கிள், இதைத் தொட்டுப் பாக்கலாமோ?” என்று கேட்டது. தோள்பட்டியைக் கழற்றி அதன் மடியில் வைத்தேன். தந்தி நீளம் குறைவு என்பதால் அதன் கைக்கும் எட்டியது.